ஏழாம் பக்கத்து மோசமான உதாரணம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. நீயும் மருமகளும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இல்லாவிட்டால் மருமகள் சொல்லியிருப்பாள், நீ எதைத்தான் என்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாய். குட்டிக்கு முன்பல் ஆடுகிறதாமே, நூல் கட்டி இழுக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், தானாக விழட்டும். பக்கத்து வீட்டு டாக்டர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார், இப்போது அங்கே மூன்று நாய்களும் ஒரு டிரம் செட்டும் குடிவந்திருக்கின்றன.

போன வாரம் எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு கூத்து நடந்தது. இனிமேல் நிலையம் யாருக்கும் சோறு போடாது, அவரவர் ஆராய்ச்சிக்கு அவரவரே வெளியே நிதி கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். என் குளிர் அறை ஆண்டுக் கடைசிவரைதான் ஓடுமாம், அதற்குள் நிதி வராவிட்டால் சுவிட்சை அணைத்துவிடுவோம் என்று எழுத்திலேயே கொடுத்தாயிற்று. அந்த அறையில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், எல்லாரிடமும் சொல்லிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள்: பயிரின் வேரை அழுகவைக்கும் பூஞ்சை, வருஷக்கணக்காக வயல்களிலிருந்து எடுத்துவந்து நான் உயிரோடு வைத்திருப்பது, நானூற்றுப் பன்னிரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது உணவுக்கு மாற்றாவிட்டால் செத்துப்போகும். அதற்காக, நிதி விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று எனக்கும் இன்னும் நாற்பது பேருக்கும் இரண்டு நாள் பாடம். அறுபதைத் தொடப்போகிறவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் பெயர் அட்டை மாட்டி, கையில் நான்கு நிற ஸ்கெட்ச் பேனா கொடுத்தார்கள்.

பாடம் எடுக்க வந்தவரைப் பார்த்திருக்க வேண்டும் நீ. பளபளவென்று ஒரு கோட்டு, காதோரம் ஒரு மைக், சிரிப்பு மட்டும் எந்நேரமும் ஆன் செய்தபடி. வாழ்க்கையில் ஒரு குழாயைக் கழுவியிருப்பாரா தெரியாது, ஆராய்ச்சி என்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்ல வந்துவிட்டார். வாயைத் திறந்தால் தாக்கம், மூடினால் தாக்கம். நிதி கேட்கும் மூன்று வருஷத்தையும் மாதம் மாதமாகக் கட்டம் போட்டு, பதினேழாவது மாதம் என்ன கண்டுபிடிப்போம் என்று பச்சை நிறத்தில் எழுத வேண்டுமாம். தெரிந்தால் எதற்கய்யா ஆராய்ச்சி என்று கேட்டேன். அருமையான கேள்வி மேடம்னு சொல்லிவிட்டு திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். கூத்தாடிக்குக்கூட கேட்ட பாட்டைப் பாட வேண்டும் என்ற மானம் இருக்கும். என் பக்கத்தில் பூச்சிக்காரர், அதுதான் முப்பது வருஷமாக வண்டுகளோடு குடித்தனம் நடத்துகிறாரே அவர், நல்ல பிள்ளையாகக் கட்டத்துக்கெல்லாம் நிறம் அடித்துக்கொண்டிருந்தார், பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டாம் நாள் காலையில் ஒரு கையேட்டைக் கொடுத்து ஏழாம் பக்கத்தைப் புரட்டச் சொன்னார். விண்ணப்பம் எப்படி எழுதக் கூடாது என்பதற்கு ஒரு உதாரணமாம், யாருடையது என்பதை மறைத்திருந்தார்கள். இவருக்கு ஏன் நிதி தர வேண்டும் என்ற கேள்விக்கு அந்த மேதை எழுதிய பதிலைச் சத்தமாக வாசித்தார்: இதன் அவசியம் துறையறிந்தவர்களுக்குத் தானே விளங்கும். கூடம் கொல்லென்று சிரித்தது. பூச்சிக்காரர் மேசையைத் தட்டினார். நானும் சிரித்தேன், யார் இந்தத் திமிர் பிடித்த ஜென்மம் என்று. அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த வரியைப் படித்தேன். நானூற்றுப் பன்னிரண்டு குழாய்கள் என்று இருந்தது. கையேட்டின் அட்டையைத் திருப்பினால் தயாரித்தவர் என்ற இடத்தில் உன் பெயர்.

ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஊர் ஊராக விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுக்கிறாய் என்பது தெரியும். கேட்கிறவர்களிடம் மகன் நிர்வாகத்தில் இருக்கிறான் என்றுதான் சொல்லிவருகிறேன், அவ்வளவு மதிப்பு எனக்கு உன் தொழில்மேல். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த விண்ணப்பத்தை உனக்குத்தானே முதலில் அனுப்பினேன்? ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, நல்லாத்தாம்மா இருக்கு, அப்படியே அனுப்பிடுன்னு போனில் சொன்னாய். அனுப்பினேன். ஐந்தாம் வாரம் திரும்பி வந்தது. முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு அச்சடித்துக் கொடுக்கத் தெரிந்த உனக்கு, பெற்றவளிடம் நாலு வார்த்தை சொல்ல நாக்கு வரவில்லையாடா?

அந்த இரண்டாம் நாள் மத்தியானம் நடந்ததையும் கேள். அந்த மோசமான உதாரணத்தை ஆளுக்கொரு தடவை திருத்தி எழுத வேண்டும் என்பது பயிற்சி. நாற்பது பேரும் என் விண்ணப்பத்தின்மேல் விழுந்தார்கள். முக்கால்வாசி குப்பை, ஒருவர் உலகப் பசியையே ஒழித்துவிட்டார். பூச்சிக்காரர் எழுந்து நாலே வரி வாசித்தார்: வேரைக் கொல்லும் நோய் வருஷா வருஷம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு வருஷத்து நோயும் உயிரோடு இருப்பது இந்த ஒரு அறையில்தான். நாளைக்கு ஒரு வயல் அழுகினால், இது பழையதா புதிதா என்று கேட்க வேறு இடம் கிடையாது. அணைத்துவிட்டால் திரும்ப உண்டாக்க முடியாது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் பதினொரு பக்கம் எழுதியும் சொல்லாததை அந்த வண்டுமனிதர் சொல்லிவிட்டார். அது என்னுடையது என்று அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, நான் கேட்கப் போவதில்லை.

உனக்கு எழுதவே கூடாது என்றுதான் நான்கு நாள் இருந்தேன். நேற்று உதவியாளர் அம்மாள் வந்து, அடுத்த மாசம் குழாய் மாத்தணுமே மேடம், பூஞ்சைக்கு அகர் கூழ் காய்ச்சி வைக்கவா வேணாமான்னு கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அவள் போன பிறகு வெறுமனே உட்கார்ந்திருந்தபோது உன் ஆய்வேடு நினைவுக்கு வந்தது. நீ தபாலில் அனுப்பிவைத்தாய், முதல் பக்கத்தைப் படித்துவிட்டு இதை யாரு படிப்பான்னு கேட்டேன். மற்ற பக்கங்களை நான் படிக்கவே இல்லை. அந்த வருஷமே நீ ஆராய்ச்சியை விட்டாய். அதனால்தான் என்று நீ என்றைக்கும் சொன்னதில்லை, எனக்கும் தெரியாமல் இல்லை. தப்பு என்னுடையது. இதை உன் அப்பா இருந்தபோதே நான் எழுதியிருக்க வேண்டும், எழுது எழுது என்று அவர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்.

உடனே உருகிவிட்டேன் என்று நினைக்காதே. அந்த நிறக்கட்டங்கள் இப்போதும் எனக்குப் பித்தலாட்டமாகத்தான் படுகின்றன, தாக்கம் என்ற சொல்லை என் வீட்டில் யாரும் உச்சரிக்க விடமாட்டேன். ஆனாலும் ஐந்து பக்கத்தில் புதிதாக ஒன்று எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பதினேழாவது மாதத்துக்குக்கூட ஏதோ ஒரு பொய் எழுதியிருக்கிறேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் நல்ல வார்த்தை பேசிக்கொண்டு, நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். மருமகளுக்கு முதுகுவலி என்றாளே, கனமான பையை நீ தூக்கு. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் இருபத்தெட்டு, மறந்துவிடாதே. தப்பு என்று தோன்றுவதையெல்லாம் சிவப்பு மையால் அடித்து அனுப்பு, ஒரு வரிகூட மிஞ்சாவிட்டாலும் பரவாயில்லை. கோபப்படுவேன். இரண்டு நாள் உன்னோடு பேசமாட்டேன். மூன்றாம் நாள் உட்கார்ந்து திருத்துவேன். பயப்படாதே.

இப்படிக்கு,
உன் அம்மா