தலைமாற்றிப் போட்ட பாய்

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதுவது. நாங்கள் சுகம். ஆற்றில் தங்கம் எடுக்க நாங்கள் வாங்கிய பழைய இயந்திரமும் ஏதோ சுகம். மிதவை மேல் மோட்டார் இரைகிறது, காற்றுக் குழாய் வழியே அவருக்கு மூச்சுக் காற்று அனுப்புவதும் அதுதான். அவர் உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டு ஆற்றடிக்குப் போகிறார். சரளையும் மணலும் மேலே வந்து சாய்வான நீளப் பெட்டியில் ஓடுகிறது. ஓடும்போது தங்கம் தங்குவதற்குப் பெட்டியில் ஏதாவது விரிக்க வேண்டும் அல்லவா? எங்களுக்கு விற்றவன் வீட்டுத் தரைவிரிப்பைக் கிழித்துப் போட்டிருக்கிறான். அது தங்கத்தைவிடச் சேற்றைத்தான் ஆசையாகப் பிடிக்கிறது.

நீ ரப்பரும் பாயும் விற்கிறவன். எது நல்லது, சொல். இங்கே போன் எடுக்காது. படகுக்காரரிடம் கொடுத்தனுப்பு.

அவர் முங்கியிருக்கும்போது அவர் இடுப்புக் கயிறு என் கையில். ஒரு இழுப்பு என்றால் நலம். குமிழி வருகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பகல் முழுக்க என் உத்தியோகம் அதுதான்.

உன் தங்கை

மார்ச் 6

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து நடுங்கியிருக்கிறது, மிதவை ஆடியதால் என்று வைத்துக்கொள்கிறேன்.

மூன்று தினுசு இருக்கிறது. சுருள் பாய், சிக்கிய நூல்கண்டு போல இருக்கும். பொடித் தங்கத்தை விடவே விடாது. ஆனால் கருமணல் அடைத்துக்கொண்டால் கழுவ அரை நாள் போகும். கம்பளம், அதன் லட்சணம் உனக்கே தெரியும். மூன்றாவது வரிப் பாய். கறுப்பு ரப்பரில் குறுக்கே பள்ளம் பள்ளமாக ஓடும், ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பக்கம் உதடு மடிந்திருக்கும். தண்ணீர் அங்கே சுழலும், கனமானது கீழே விழுந்துவிடும். ஒரு வாளித் தண்ணீரில் அலசினால் சுத்தம். எனக்கு லாபம் சுருள் பாயில்தான் அதிகம். ஆனால் கழுவப்போகிறவள் நீ ஒருத்தி. அதனால் வரிப் பாய் அனுப்பியிருக்கிறேன்.

போடும்போது தண்ணீர் போகிற திசையில் கையால் தடவிப் பார். விரல் தடுக்க வேண்டும். வழுக்கினால் தலைமாற்றிப் போட்டிருக்கிறாய். பாதி தங்கம் உனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போகும். கடைசி ஒரு முழத்தைத் தனியாக வெட்டி, தனிச் சட்டியில் கழுவு. அதில் தங்கம் இருந்தால் வெளியேயும் போகிறது. அது காலியாக இருந்தால் எல்லாம் மேலேயே நின்றுவிட்டது.

மாப்பிள்ளைக்குத் துணிச்சல் அதிகம், நுரையீரல் இரண்டுதான் என்று நான் சொன்னதாகச் சொல்.

அண்ணன்

மார்ச் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

பாய் பிடிக்கிறது. நீ சொன்னதைவிட நன்றாகவே பிடிக்கிறது. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

அவர் நடு ஆற்றை விட்டுவிட்டார். கரைக்கு அடியில் ஒரு ஆள் நீளத்துக்குத் தோண்டிப் போயிருக்கிறார். சரக்கு அங்கேதான் இருக்கிறதாம். "மேல இருக்கிற மண்ணு, மரம் எல்லாம்?" என்றேன். "அது பாட்டுக்கு நிக்குது. நீ உன் கயித்தப் பாரு" என்றார். கரைக்கு அடியில் போனதிலிருந்து குமிழி மேலே வருவதில்லை, அண்ணா. மண்ணுக்குள்ளேயே எங்கேயோ ஒதுங்கிவிடுகிறது. நான் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

போன வாரம் மேல் வளைவில் ஒருவர் இப்படித்தான் போனார். கரை இடிந்து அவர் மேலேயே இறங்கிவிட்டது. அவர் மனைவிக்கு விஷயமே தெரியாமல் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததாம். காற்றுக் குழாயில் காற்று போய்க்கொண்டேதான் இருந்ததாம்.

இவர் அதைக் கேட்டுவிட்டு, "அவனுக்கு இடம் பாக்கத் தெரியல" என்கிறார்.

வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். தங்கம் பிடிக்காத பாய் ஒன்று அனுப்பு. இங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் வெளியே வந்துவிடுவார்.

உன் தங்கை

மார்ச் 20

அன்புத் தங்கைக்கு,

பதினெட்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். வேலை செய்யாத சரக்கு வேண்டும் என்று யாரும் வந்து நின்றதில்லை. முதலில் முடியாது என்றுதான் எழுதினேன். எழுதியதைக் கிழித்துப் போட்டேன். அந்தக் காற்றுக் குழாயை நீ ஏன் எனக்கு எழுதினாய்?

புதுப் பாய் எதற்கு? இருக்கிறதையே தலைமாற்றிப் போடு. மேலே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தடவினால்தான் தெரியும், அவர் தடவப்போவதில்லை. பாய் விரிப்பது உன் வேலை. ஒரு வாரம் சட்டி காலியாக இருந்தால் எந்த ஆம்பிளைக்கும் அலுத்துவிடும்.

இதை எரித்துவிடு.

அண்ணன்

ஏப்ரல் 1

அண்ணா,

நாம் தப்புக் கணக்குப் போட்டுவிட்டோம்.

மார்ச் 24-இல் தலைமாற்றிப் போட்டேன். நான்கு நாள் சட்டி காலி, அவர் முங்குவதை விடவில்லை. ஐந்தாம் நாள் கடைசி முழத்துச் சட்டியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதில் என்ன இருக்கும்? வழுக்குகிற பாயில் முதல் முழத்திலும் நிற்காது, கடைசி முழத்திலும் நிற்காது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "உங்க அண்ணன் என்ன சொன்னார்? கடைசி முழம் சுத்தமா இருந்தா எதுவும் தப்பிப் போகலன்னு அர்த்தம். அப்ப தங்கம் கரைக்கு இன்னும் உள்ள இருக்கு" என்றார்.

இப்போது மூன்று ஆள் நீளம் உள்ளே போகிறார். நேற்று நான் இழுத்தேன், பதில் இழுப்பு வரவில்லை. நான் நூற்றுப் பத்து வரை எண்ணிவிட்டேன். பிறகு வந்தது. மேலே வந்தவர், கயிறு கல்லில் சிக்கியதாகச் சொன்னார். கரை மேல் ஏறிப் பார்த்தேன். புல்லுக்கு நடுவே ஒரு வெடிப்பு. என் கை மணிக்கட்டு வரை உள்ளே போகிறது.

பாயைச் சரியாகத் திருப்பிப் போட்டால், "பாத்தியா, உள்ள போனேன், கிடைச்சுது" என்பார். போடாவிட்டால் இன்னும் உள்ளே போவார். என்ன செய்ய? உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கிறேன், வரவில்லை.

தங்கை

ஏப்ரல் 3

தங்கச்சி,

படகு கிளம்ப அரை மணிதான் இருக்கிறது. நானே ஏறியிருப்பேன், சிமெண்ட் மூட்டைக்கு நடுவே ஆளுக்கு இடமில்லை என்கிறான். அடுத்ததில் வருகிறேன்.

வியாபாரம் நடந்த நாளில் நான் ஆறு மணிக்கே கடையைப் பூட்டிவிடுவேன். ஆகாத நாளில்தான் இன்னும் ஒருத்தர் வருவார், இன்னும் ஒருத்தர் வருவார் என்று உட்கார்ந்திருப்பேன். இவ்வளவு தெரிந்தும் உனக்கு அந்த யோசனையைச் சொன்னேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கீழே இருப்பதை அவர் கையில் கொடு. அவர் இறங்குவதற்கு முன்னால் கொடு.

மாப்பிள்ளைக்கு,

பாய் தலைகீழாகக் கிடக்கிறது. நான் சொல்லித்தான் அவள் போட்டாள். தண்ணீர் போகிற திசையில் தடவிப் பாருங்கள். கடைசி முழம் காலி என்பதற்கு இப்போது அர்த்தமே இல்லை. இத்தனை நாள் நீங்கள் உறிஞ்சிய தங்கமெல்லாம் பெட்டியைத் தாண்டி, மிதவைக்குப் பின்னால் கொட்டிக் கிடக்கிறது. ஒரு சட்டி அள்ளிக் கழுவிப் பாருங்கள். கரைக்கு அடியில் போகாதீர்கள். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் மச்சான்

ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

7-ஆம் தேதி காலையில் கடிதம் வந்தது. அவர் ரப்பர் உடையைப் பாதி மாட்டியிருந்தார். கொடுத்தேன். நின்றபடியே படித்தார். பெட்டியில் கை வைத்துத் தடவினார். பிறகு சட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் இறங்கி ஒரு தடவை கழுவினார். நீ சொன்னது சரி. மூன்று அடி தூரத்திலிருந்து எனக்கே மின்னியது.

"எத்தன நாளா?" என்றார்.

"பதினாலு நாள்."

"அப்ப பதினாலு நாளா நான் அந்தக் கரைக்கடியில எதுக்குப் போனேன்?"

அவர் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு முங்கவில்லை. குழாயை முழங்கால் தண்ணீரில் வைத்துப் பின்னால் கொட்டிய மண்ணைக் கழுவுகிறோம். பாயை அவரே விரிக்கிறார், தினமும் தடவிப் பார்க்கிறார். நான் போட்டால் ஒத்துக்கொள்வதில்லை. கரை இன்னும் விழவில்லை. தினமும் மேலே ஏறி அந்த வெடிப்பில் கையை விட்டுப் பார்க்கிறேன்.

நேற்று பாயை விரித்துக்கொண்டே பேச்சை எடுத்தார். "உன்மேல கோவம் ஆறிடும். உங்க அண்ணன் மூஞ்சில இனி முழிக்க மாட்டேன். அவர் குடுத்த பாய்னு நம்பித்தான் இன்னும் உள்ள போனேன்" என்றார். அந்த யோசனையைக் கேட்டு வாங்கியதே நான்தான் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கிற நிலையில் இல்லை.

ஆகவே படகில் இடம் கிடைத்தாலும் நீ வராதே, அண்ணா. கடிதமும் வேண்டாம். நீ எழுதினால் படிக்காமல் இருக்க என்னால் முடியாது. அவருக்குத் தெரியாமல் இன்னொன்றைச் செய்ய இனி எனக்குத் தெம்பு இல்லை.

அவர் கூப்பிடுகிறார். சத்தமாக, தண்ணீருக்கு மேலே நின்றுகொண்டு கூப்பிடுகிறார்.

உன் தங்கை