சாயா வாங்கப் போன நேரத்தில்

பக்கத்துக் கடையில் இஞ்சி தட்டிப் போட்ட சாயாவின் மணம் இன்று காலை உள்ளே வந்தபோது, நான் உன் கம்ப்யூட்டரைத்தான் மேஜைமேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். உன் மனைவி ஆட்டோவில் கொண்டுவந்திருந்தாள். அப்டேட் போட்டாளாம், அதோடு திரை கறுத்துவிட்டதாம். ஆன் செய்தேன். கறுப்பில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுங்கியது. உடனே உன் பழைய குரல்தான் காதில் கேட்டது. "ஏட்டி, ஓடிப்போயி ரெண்டு சாயா வாங்கிட்டு வா."

செத்துப்போனவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேச வேண்டுமாம். பேசுகிறவர்கள் பேசட்டும். எனக்கு உன்மேல் இருந்த கோபம் உன்னோடு குழிக்குள் போகவில்லை.

இரணியலில் உன் ஸ்டுடியோவில் நான் கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்த காலம். அங்கே எல்லா மெஷினிலும் லினக்ஸ்தான். திரையில் படம் வரவைக்கிற வீடியோ டிரைவர் அப்டேட் ஆனால் ஏதாவது ஒன்று இருண்டுவிடும். உடனே எனக்குச் சாயா வாங்கும் வேலை வந்துவிடும். தூக்குப்பாத்திரத்தோடு திரும்பி வரும்போது திரை பளிச்சென்று இருக்கும். என்ன செய்தாய் என்று கேட்டால், "அது ஒனக்கு மண்டையில ஏறாதுட்டி" என்று சிரிப்பாய். நானும் கூடச் சிரித்திருக்கிறேன், அதுதான் இன்னும் எரிகிறது.

தக்கலையில் நான் தனிக்கடை போட்டபோது முதல் ஆளாக வந்து வாழ்த்தினாய். தோவாளைப் பூ வியாபாரி ஒருவர் மகளின் கல்யாண ஆல்பத்தை என்னிடம் தந்திருந்தார். பாதி வேலையில் திரை போய்விட்டது. வெட்கத்தை விட்டு உனக்கு போன் செய்தேன். "மானிட்டரு போயிருக்கும், வேற வாங்கிப் போடு" என்றாய். நாகர்கோவிலுக்கு பஸ் ஏறிப்போய், புது மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதுவும் கறுப்புதான். அந்த ஆல்பம் உன் கடைக்குப் போயிற்று. "அவளுக்கு மிஷினு ஒண்ணும் தெரியாது" என்று நீ பூ வியாபாரியிடம் சொன்னது என் காதுக்கும் வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு நானே தேடித் தேடிப் படித்தேன். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து மட்டும் உள்ள திரை வரும். அப்டேட்டில் சிஸ்டத்தின் உள்கருவான கெர்னல் மாறியிருக்கும், டிரைவர் அதற்குப் பொருந்தாமல் முறைத்துக்கொண்டு நிற்கும். அதை நீக்கி, பொருந்துகிறதைப் போட்டு, மெஷினை மறுபடி துவக்க வேண்டும். சாயா ஆறுவதற்குள் முடிகிற வேலை. இதற்காகவா என்னை அத்தனை காலம் ரோட்டுக்கு விரட்டினாய்?

"நாளைக்கு ஆல்பம் குடுக்கணும்க்கா. முடியலன்னா கடையப் பூட்ட வேண்டியதுதான்" என்றாள் உன் மனைவி. மானிட்டர் போயிருக்கும் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. மறைப்பானேன், ஆசையாகவே இருந்தது. உன் கடைக்குப் பூட்டு விழுவதை நான் பார்க்க வேண்டாமா?

நான் கீபோர்டில் கை வைத்ததும் அவள் எழுந்துவிட்டாள்.

"எங்கட்டி போற?"

"சாயா வாங்கிட்டு வாறேங்க்கா. இத நோக்கும்போ அவரு என்னைய அனுப்பிருவாரு."

அவளையுமா? எனக்கு அப்போதுதான் உன்மேல் உண்மையான ஆத்திரம் வந்தது. உன்னை எங்கே அடித்தால் வலிக்கும் என்பதும் தெரிந்தது.

"இரிட்டி இங்க" என்று கையைப் பிடித்து இழுத்து என் நாற்காலியில் உட்காரவைத்தேன். கீபோர்டை அவள் பக்கம் தள்ளினேன். சாயாவுக்குக் கடைக்கு போன் செய்தேன். நான் சொல்லச் சொல்ல அவளே அடித்தாள். தப்பாக அடித்தாள், அழித்தாள், திரும்ப அடித்தாள். நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை.

மெஷின் மறுபடி துவங்கியது. பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் உன் படம், அதே சிரிப்போடு வந்து நின்றது. "வந்துட்டுக்கா!" என்று அவள் கத்தினாள். பார்த்துக்கொள், உன் பெண்டாட்டி மண்டையில் ஏறிவிட்டது.

கோபம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திரை கறுத்துப்போய் யார் வந்தாலும் அவர்களை என் நாற்காலியில் உட்காரவைத்துத்தான் அதைத் தீர்த்துக்கொள்வேன். நீ ஒளித்துவைத்த ஒன்றையும் மிச்சம் வைக்கமாட்டேன்.

கடைக்காரர் சாயாவைக் கொண்டுவந்து வைத்தார். உன் முகத்துக்கு நேராக உட்கார்ந்து நாங்கள் இருவரும் மெதுவாகக் குடித்தோம்.