ஏழு முறை துண்டித்தவர்

அந்தக் கையெழுத்து உன்னுடையதுதான். உறுதி செய்தவர் உன் மனைவி. போன செவ்வாய்க்கிழமை பிற்பகல், பாணேரில் உங்கள் வீட்டில், உன் பச்சைக் கோப்பிலிருந்து ஒற்றைத் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். "அவர் எழுதற 'ன' இப்படித்தான் படுத்துக்கும் அண்ணா" என்றார். தாளில் தேதி இல்லை. கோப்பைத் திறந்ததும் உன் மேசையில் எப்போதும் இருந்த தைல வாடை வந்தது. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. வாடைக்கு அது தெரியவில்லை.

தொண்ணூறுகளில், கேம்ப் பகுதி டீக்கடையில், உன் வேலை என்னவென்று முதல்முறை கேட்டேன். கணினிக்குள் பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும்போது அவை சொன்னபடி நடக்குமா என்பதைக் கணக்குப்போல நிரூபிப்பது என்றாய். எனக்குப் புரியவில்லை என்பது உனக்குப் புரிந்தது.

"நிருபரே, ஒரே வாசல். பத்துப் பேர் ஒண்ணா தட்டறான். எவனும் காலத்துக்கும் வெளியவே நின்னுடக் கூடாது. எங்க ஆளுங்க அதுக்கு வெச்ச பேர் நியாயம்."

"கதவு எப்போ திறக்கும்?"

"அதை மட்டும் கேக்காதே. என்னைக்காவது."

"எங்க வார்டு கார்ப்பரேட்டரும் தண்ணிக் குழாய்க்கு இதையேதான் சொல்றார்."

சிரித்தாய். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அந்த நியாயத்தை நீங்கள் நிரூபிப்பதில்லை என்றும், அது இருப்பதாக வைத்துக்கொண்டுதான் மற்றதை நிரூபிக்கிறீர்கள் என்றும் சொன்னாய். அதிலும் இரண்டு வகையாம். மெல்லிய நியாயம், இடைவிடாமல் நிற்பவனுக்கு மட்டும் வாக்குக் கொடுக்கும். வலிய நியாயம், போய்ப் போய்த் திரும்பி வருபவனுக்கும் கொடுக்கும். நான் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியதை நான் மறந்தேன். நீ மறந்திருப்பாயா?

உன் அலுவலகம் மகர்பட்டாவுக்கு மாறிய வருடம், ஒரு மருத்துவமனையின் அவசர அழைப்பு எண்ணுக்கு உங்கள் நிறுவனம் நிரல் எழுதியது. வரும் அழைப்புகளை வரிசையில் நிறுத்தி, ஓய்ந்திருக்கும் ஊழியருக்குக் கொடுக்கும் நிரல். அழைத்த ஒவ்வொருவருக்கும் பதில் கிடைக்கும் என்று நிரூபித்தது நீ.

அந்த மழைக்காலத்தில் ஒரு பகல். நிக்டியில் ஒரு ஆலைத் தொழிலாளி, முருகேசன், மனைவியின் வாய் ஒருபக்கம் கோணுவதைப் பார்த்துவிட்டு மளிகைக் கடை வாசலில் இருந்த நாணயத் தொலைபேசிக்கு ஓடினார். அன்று ஏதோ பேருந்து விபத்து, வரிசை நீளம். "காத்திருக்கவும்" என்ற பதிவுக் குரல் மட்டும் கேட்டது. மருத்துவமனையின் அந்த எண்ணை ஏழு முறை அழைத்தார். கடைசியில் ரிக்ஷாவில் போட்டுக்கொண்டு போனார். அந்த அம்மாவுக்கு உயிர் தங்கியது, பேச்சு தங்கவில்லை. விசாரித்த மருத்துவமனை, "அழைத்தவரே ஏழு முறை இணைப்பைத் துண்டித்தார்" என்று எழுதிக் கொடுத்தது.

நான் லஞ்சம், அலட்சியம், தூங்கிய ஊழியர் என்று தேடினேன். ஒன்றும் கிடைக்காமல் உன்னிடம் வந்தேன்.

"உனக்கு எல்லாத்துலயும் ஒரு திருடன் வேணும்" என்றாய்.

"நிரூபணத்துல தப்பு இருக்கா, இல்லையா?"

"இல்ல."

"அப்படியே போடட்டுமா?"

"போடு."

போட்டேன். மருத்துவமனை எழுதிக் கொடுத்ததற்குக் கீழே, நிரலில் பிழையில்லை என்று நிபுணர் ஒருவர் உறுதி சொன்னதாக, எங்கள் தமிழ்ப் பத்திரிகையில் என் பெயரோடு வந்தது. உன் பெயரை விட்டுவிடச் சொன்னாய். அதை அடக்கம் என்று அன்று எடுத்துக்கொண்டேன்.

பச்சைக் கோப்பின் தாளில் நான்கு வரிகள். அந்தப் பழைய நாணயத் தொலைபேசிகள் மூன்று நிமிடத்தில் தாமே இணைப்பை அறுத்துவிடும். மறுபடி அழைப்பவரை நிரல் புதிய ஆளாக எண்ணி வரிசையின் கடைசிக்கு அனுப்பும். காத்திருப்பு மூன்று நிமிடத்தைத் தாண்டும் நாளில் அவருக்கு முறை வராது. மெல்லிய நியாயம் போதாது. இவ்வளவும் ஆங்கிலத்தில். ஓரத்தில் தமிழில் மட்டும்: "இவன் எப்போதும் புதியவன்."

இதை எப்போது எழுதினாய்? நிரலை ஒப்படைக்கும் முன் என்றால், தெரிந்தே என்னிடம் "இல்ல" என்றாய். என் செய்தி வந்த பிறகு என்றால், கண்டுபிடித்த பின்னும் வாயைத் திறக்கவில்லை. உனக்குச் சாதகமான மூன்றாவது வழியைத் தாளைப் பார்த்ததிலிருந்து தேடுகிறேன். இணைப்பில் இடைவிடாமல் நிற்பவனுக்கு உன் நிரூபணம் சரிதான்; நான் கேட்ட கேள்விக்கு நீ பொய் சொல்லவில்லை என்பது உண்மை. நான் கேட்காததற்கும் நீ பதில் சொல்வாய் என்று நினைத்திருந்தேன், நண்பன் என்பதால். உன்னோடு குடித்த ஒவ்வொரு டீயையும் இப்போது மறுபடி விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அந்த விசாரணையில் எனக்கும் இடமுண்டு. எந்த நிபந்தனையில் என்று அன்று நான் கேட்டிருக்க வேண்டும். இன்று யார் "உங்கள் முறை வரும்" என்றாலும் அதைத்தான் முதலில் கேட்கிறேன். அதைக் கற்றது உன்னிடம்தான். அதை மறுக்க மாட்டேன்.

உன்னோடு வேலை செய்தவர் ஒருவரிடம் அந்த நிரலின் ஆய்வுக் கோப்பின் பிரதி இருக்கிறதாம், தேதி அதில் தெரியலாம். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் பார்த்துச் சொல்வதாகத் தொலைபேசியில் சொன்னார்.

சனிக்கிழமை நிக்டி போனேன். முருகேசன் ஓய்வு பெற்றுவிட்டார். தாளைப் பற்றியும், தேதி தெரியவில்லை என்பதையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"முன்னாடியா பின்னாடியாங்கறது உங்க ரெண்டு பேர் சண்டை, ஜக்டா சார். நான் கட் பண்ணலன்னு அதுல இருக்கா?"

"இருக்கு."

"என் மச்சான் இன்னிக்கும் சபையில வெச்சு சொல்றான், ஏழு வாட்டி போனை வெச்சவன்னு. நானே நம்பிட்டேன். கை நடுங்கி வெச்சுட்டேனோன்னு."

அவர் மனைவி கட்டிலில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திருத்தம் வெளியிட முயல்கிறேன் என்றேன்.

"பேப்பர்ல வந்தா எடுத்துட்டு வாங்க. பொண்ணுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிதான் வரும், நீங்களே படிங்க. என் சம்சாரம் பக்கத்துல உக்காந்து படிங்க. பேச்சுதான் இல்ல, காது நல்லா கேக்கும்."

திருத்தம் பன்னிரண்டு வரி. ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். இவ்வளவு வருடம் கழித்து யாருக்காக என்று கேட்டார், சொன்னேன். வெள்ளிக்கிழமை முடிவு தெரியும்.