நிலேஷ் வயிற்றில் இருந்தபோது

நசியா, லம்பாசா
12 ஆகஸ்ட் 2007

அன்புள்ள ப்ரேமிலா அக்காவுக்கு,

தங்கை சரோஜ் எழுதுவது. நானும் என் பிள்ளை நிலேஷும் சுகமாக இருக்கிறோம். அவன் அப்பா கரும்பு லாரியோடு மில் வாசலில் வரிசையில் கிடக்கிறார். சீசன் முடிகிற வரைக்கும் எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. டிசம்பரில் மறுபடியும் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததில் இருந்து தெருவே காலியாகிக்கொண்டு வருகிறது. பக்கத்து வீட்டு வீரசாமி குடும்பமும் போன மாதம் கனடா போய்விட்டது. நிலேஷ் தினமும் போய் அவர்கள் கேட்டைத் தட்டிவிட்டு வருகிறான். ஆள் இல்லையடா என்று சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான்.

உன் கடிதம் வந்தது. எப்போதும் ஃபோனில் பேசுகிறவள் கடிதம் போட்டிருக்கிறாளே என்று பதறிப்போனேன். உன் மகள் விஷாலிக்குத் தமிழ் வாசிக்க வராது என்ற தைரியத்தில்தானே எழுதினாய்? கெட்டிக்காரிதான் போ.

நிலேஷ் வயிற்றில் இருந்தபோது ஏதாவது தெரிந்ததா என்று கேட்டிருக்கிறாய். ஒன்றும் தெரியவில்லை அக்கா. விஷாலி உன்னை உதைத்த மாதிரிதான் அவனும் என்னை உதைத்தான். மூன்று வயதாகியும் பேச்சு வராதபோதுதான் சந்தேகமே வந்தது. தலைநகர் சுவாவில் அவனைப் பார்த்த டாக்டரம்மாவிடம் நானும் இதையே கேட்டேன். ரத்தம் எடுத்தாலும் ஸ்கேன் பார்த்தாலும் ஆட்டிசத்தைப் பிறப்பதற்கு முன்னால் கண்டுபிடிக்க முடியாது என்றார். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் வரலாம், வராமலும் போகலாமாம். உங்கள் சிட்னி டாக்டரும் அதைத்தான் சொல்லப்போகிறார். நிறைமாதக்காரி விஷாலியைப் போட்டுக் குடையாதே.

2000-இல் நம் ஆட்களை அடித்த கலவரத்துக்குப் பிறகு நீ சிட்னிக்குக் கிளம்பினாய். நாங்களும் உன் பின்னாலேயே வரப் பார்த்தோம். நிலேஷின் மெடிக்கல் ரிப்போர்ட்டைப் பார்த்து விசா இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்லி நான் யாரிடமும் மூக்கைச் சிந்தியதில்லை.

ஆனால் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. போன ஞாயிறு விஷாலி ஃபோன் பண்ணினாள். மசக்கைக்காரி எந்த முகத்தைப் பார்க்கிறாளோ அந்த மாதிரிதான் பிள்ளை பிறக்கும் என்று, அவள் வீட்டுச் சுவரில் இருந்த நிலேஷ் படத்தைக் கழற்றிவிட்டு முருகன் படம் மாட்டினாயாம். சிட்னி வந்தும் அம்மா மனசு இன்னும் லம்பாசாவிலேயே இருக்கிறது சித்தி என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஃபோனை வைத்த பிறகு அழுதேன். என் பிள்ளை முகத்தில் அப்படி என்ன அக்கா இருக்கிறது? நீ பிளேன் ஏறுகிற வரைக்கும் உன் இடுப்பில்தானே கிடந்தான்.

கோபம்தான் எனக்கு. அதற்காக விஷாலியை விட முடியுமா? வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மனுக்கு விளக்கு வைக்கிறேன். அவளுக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். பேரனோ பேத்தியோ, பேசினாலும் பேசாவிட்டாலும், நீண்ட ஆயுசோடு இருக்கட்டும். எந்த ஊரும் அதை வேண்டாம் என்று சொல்லாமல் இருக்கட்டும். நீயும் சொல்லிவிடாதே அக்கா.

உன் தங்கை,
சரோஜ்