அம்மா வாங்காத அட்வான்ஸ்

வைகாசி கடைசி வெள்ளி, இரவு

இன்று அம்மா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியின் போர்மேன் கொண்டுவந்த பணத்தை அப்படியே திருப்பிக்கொண்டு போனார்!

"என்னத்தா, மக காலேஜு பீசுக்கு அட்வான்ஸ் வேணும்ல?" என்றுதான் ஆரம்பித்தார். போன வருடம் என் பீஸ் அப்படித்தான் கட்டப்பட்டது. வாங்கிவிட்டால் தீபாவளி வரை அம்மா வேறு கம்பெனிக்குப் போக முடியாது. பட்டாசுக்கு மருந்து செலுத்தும் அதே ஷெட்டில்தான் வேலை. அங்கே என்னவெல்லாம் நடக்கலாம் என்று இங்கே எழுத மாட்டேன்.

அம்மா நிதானமாகச் சொன்னாள்: "வேணாம் அண்ணாச்சி. எம்மக அவளே கட்டிட்டா. திங்கக்கிழமையில இருந்து நான் அட்டைப்பெட்டி ஒட்டப் போறேன்."

"அம்புட்டுப் பணம் அவளுக்கு ஏது?"

ஏதா? டியூஷன் எடுத்த காசை நான் தொடவேயில்லை. கேன்டீன் பக்கம் போகவில்லை, டூருக்கும் போகவில்லை. அச்சகத்தில் எடைக்கு வாங்கிய காலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் வருடம் முழுக்கப் பாடம் எழுதினேன். வகுப்பில் எனக்குக் கஞ்சப்பிசினாரி என்றே பெயர். நாளைக்கும் கூப்பிடட்டும், ஜம்மென்று திரும்பிப் பார்ப்பேன்.

அவர் போனதும் அம்மா சோப்புப் போட்டுக் கை கழுவினாள். நகக்கண்ணில் ஏறிய வெள்ளிநிறப் பட்டாசு மருந்து போகவில்லை.

"கெடக்கட்டும்," என்று சிரித்தாள். "இனிமே புதுசா ஒட்டாதுல்ல."