புகைபோக்கிக்குள் ஒரு பீம்

பிளேஸ்டோ,
11.01.2025

ஜெராட் அண்ணைக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்க எனக்கு மனமில்லை. போனில் கதைத்தால் நீங்கள் கத்துவீர்கள், நானும் கத்துவேன். அதனால் எழுதுகிறேன்.

கூரைக்குக் கீழே நீங்கள் கட்டித் தந்த லொஃப்ட் அறையில் படுக்கத் தொடங்கிய நாளிலிருந்து என் மகள் பெனிற்றாவுக்குத் தலையிடி, சாப்பிட்டதெல்லாம் சத்தி. காபன் மொனொக்சைட் நச்சுவாயு அலாரம் மூன்று முறை அலறியது. நீங்கள்தான் வந்து, "மலிவுச் சாமான், சும்மா கத்துது" என்று பற்றறியைக் கழற்றினீர்கள். நேற்றுக் காலை பிள்ளை எழும்பவில்லை. இழுத்து இறக்கி அம்புலன்சில் ஏற்றினோம். இரத்தத்தில் நச்சுவாயு என்றார் டொக்டர். காஸ் கொம்பனி ஆட்கள் வந்து சோதித்து, அடுத்த வீட்டுப் பிலோமினம்மாவின் காஸ் ஹீட்டரை நிறுத்திவிட்டார்கள்.

அவவின் ஹீட்டர் புகை எப்படி என் வீட்டுக்குள் வந்தது? சுவரைத் திறக்கப் போகிறேன்.

அருள்மலர்

லூயிஷாம்,
14.01.2025

தங்கச்சி மலருக்கு,

பெனிற்றா தேறிவிட்டாள் என்று மச்சான் சொன்னார். மாதாவுக்கு நன்றி.

ஆனால் உன் கடிதம் சுட்டது. பதினாறு வருடமாக இந்த வேலை செய்கிறேன். ஞாயிறு பூசையையும் விட்டுவிட்டு உனக்காக உழைத்தேன். கூரையைத் தாங்கும் பீம் இரண்டும் யானை ஏறினாலும் அசையாது. "பிள்ளையின்ரை பிறந்தநாளுக்குப் பங்குச் சுவாமியார் அறையை மந்திரிச்சு ஆசீர்வதிக்க வாறார், அதுக்குள்ளை முடியுங்கோ அண்ணை" என்று என் தலையைத் தின்றது யார்?

அந்தக் கிழவியின் ஓட்டை ஹீட்டர்தான் காரணம். போய் அவவோடு சண்டை பிடி. சுவரை உடைத்து என் பெயரைக் கெடுக்காதே.

ஜெராட்

பிளேஸ்டோ,
18.01.2025

அண்ணைக்கு,

உங்கள் பேச்சை நம்பிப் பிலோமினம்மாவின் வாசலில் நின்று கத்தினேன். எழுபத்தெட்டு வயது மனுசி அழுதா. பிறகு சுவரைத் திறந்தோம்.

படத்தைப் பாருங்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில், திடமான செங்கல்லில் இருக்கவேண்டிய ஒரு பீமின் நுனி, புகைபோக்கியைக் குடைந்துகொண்டு உள்ளே நிற்கிறது. பிலோமினம்மாவின் ஹீட்டர் புகை போகும் வழி அது. அவ குளிருக்கு ஹீட்டர் போட்டபோதெல்லாம் அந்த ஓட்டையால் என் பிள்ளையின் கட்டிலுக்கு நஞ்சு வந்திருக்கிறது.

ஓம், அவசரப்படுத்தியது நான்தான். நீங்கள் "அதுக்குள்ளை முடிக்க ஏலாது" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "கவுன்சில் இன்ஸ்பெக்டர் வந்து பாத்திட்டார்" என்று ஏன் பொய் சொன்னீர்கள்? கவுன்சிலில் கேட்டேன், அவர் வரவேயில்லையாம். அவர் பார்க்க முன்பே சுவரைப் பலகை அடித்து மூடிவிட்டீர்கள்.

கட்டியவர் பெயரைக் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி என் வீட்டுப் படி மிதிக்க வேண்டாம்.

அருள்மலர்

லூயிஷாம்,
22.01.2025

மலருக்கு,

எல்லாம் உண்மை. மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. நீ தரவும் வேண்டாம்.

இன்னும் மூன்று வீட்டில் புகைபோக்கிப் பக்கம் இதே மாதிரித்தான் பீம் வைத்தேன். உள்ளே யாருடைய புகைவழி போகிறது என்று ஒன்றிலும் பார்க்கவில்லை. விலாசங்களைக் கவுன்சிலுக்குக் கொடுத்துவிட்டு, முதலில் ஸ்ட்ரெதத்தில் இருக்கும் ஞானேஸ்வரன் வீட்டுக்குப் போனேன். அவருடைய மகள் கைக்குழந்தையோடு அந்த மேலறையில்தான் இருக்கிறாள்.

"ஹீட்டரை நிப்பாட்டுங்கோ, பிள்ளையை வெளியிலை கொண்டு வாங்கோ" என்றேன். அவர் சிரித்தார். "உங்கடை வேலையைப் பற்றி எனக்குத் தெரியாதோ அண்ணை? தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். எவ்வளவு சொல்லியும் என் கெட்டித்தனத்தைத்தான் நம்பினார்.

உன் கடிதத்தையும் படத்தையும் அவர் கையில் கொடுத்தேன். ஒரு சொல்லையும் மறைக்கவில்லை. வாசித்து முடித்ததும் மாடிக்கு ஓடிக் குழந்தையைத் தூக்கி வந்தார். அதன்பிறகு என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

மற்ற இரண்டு வீட்டுக்கும் உன் கடிதத்தைத்தான் கொண்டு போகிறேன்.

ஜெராட்