மணிக்கு எட்டு வெள்ளி

மே 4, 2025 – ஞாயிறு

இன்றும் தாமதம். ஆறு மணிக்கு நான் பையை எடுக்கும் நேரம் பார்த்து ஒரு புண்ணியவதி கடைக்குள் வந்தாள். முப்பது சேலையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒரே ஓர் உள்பாவாடை வாங்கிப் போனாள். சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் முட்டி மோதி, ரயில் மாறி, பாசிர் ரிஸ் வீட்டுக் கதவைத் திறக்கும்போது ஏழே முக்கால். மகனைப் பார்த்துக்கொள்ளும் ரக்ஷனா, ஏழு மணிக்குப் போக வேண்டியவள், அப்படியே உட்கார்ந்திருந்தாள். அர்ஃபான் சாப்பிட்டுவிட்டானாம், பல்கூட விளக்கிவிட்டானாம். நான் மன்றாடினாலும் வாயைத் திறக்காத நாலு வயசுப் பிள்ளை!

அவள் சம்பளம் அறுபத்து நாலு வெள்ளியைப் போனில் அனுப்பினேன். எட்டு மணி நேரம், மணிக்கு எட்டு. முக்கால் மணி நேரத்துக்கும் சேர்த்து அனுப்பட்டுமா என்றேன். அதெல்லாம் வேண்டாம் ஆன்ட்டி என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். அவள் வீடு இதே பிளாக்கில் ஒன்பதாம் மாடிதானே.

இந்த ரேட் பானு லாத்தா வைத்தது. ஐந்தாம் மாடி. கூடப் பிறக்காவிட்டாலும் ஆறு வருஷமாக எனக்கு அக்கா அவர்தான். எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம்தான் இருக்கிறது. ரக்ஷனாவுக்குப் பதினைந்து வயதானபோது ஆறு வெள்ளியில் தொடங்கினோம், போன வருஷம் எட்டு. அவர் பிள்ளைகளுக்குப் புதனும் சனியும், அர்ஃபானுக்கு ஞாயிறு. ஒருத்தி ஏற்றினால் மற்றவளுக்கும் ஏறிவிடும் என்பதால், சொல்லாமல் ஏற்றுவதில்லை என்று எங்களுக்குள் பேச்சு.

மே 18 – ஞாயிறு

ரக்ஷனா இன்று ஒரு தாளை நீட்டினாள். டைப் அடித்த தாள். பாலிடெக்னிக் போனால் இப்படித்தான் ஆகிவிடுவார்கள் போல. முதலுதவி வகுப்பு முடித்தது, அர்ஃபானுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுப்பது, இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை என்பது, எல்லாம் எழுதியிருந்தாள். கடைசி வரியில் பன்னிரண்டு வெள்ளி.

“பபள் டீ கடைலயே பதினொன்னு குடுக்குறாங்க ஆன்ட்டி. பட் எனக்கு அர்ஃபான்தான் பிடிக்கும்” என்றாள். சொல்லும்போது காது சிவந்துவிட்டது. எத்தனை தடவை கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தாளோ.

அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். ஞாயிறு சம்பளம் எனக்கு நூற்றுப் பத்து. பன்னிரண்டு கொடுத்தால் தொண்ணூற்றாறு அவளுக்கே போய்விடும். பத்து கொடுக்கலாம். கொடுக்க வேண்டும். நாள் முழுக்க விலை பேசுகிறவள் நான்; நியாயமான விலை எது என்று எனக்குத் தெரியாதா?

மே 20 – செவ்வாய்

லாத்தா வீட்டுக்குப் போனேன். தாள் அவருக்கும் வந்திருக்கிறது. படித்துவிட்டுச் சிரித்தார். நான் பத்து என்று ஆரம்பித்ததுமே கையை நீட்டித் தடுத்துவிட்டார். இன்றைக்குப் பத்து என்றால் அடுத்த வருஷம் பதினைந்து கேட்பாளாம். தீபாவளிக்கு ஒரு பாக்கெட்டில் ஐம்பது வெள்ளி வைத்துக் கொடுத்துவிட்டால் போதுமாம்.

“பாக்கெட் குடுத்தா சந்தோஷப்படுவா, மறந்துடுவா. ரேட்டு ஏத்துனா இறங்காது ருக்ஸு. ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லுவோம். எட்டுதான்.”

சரி என்றேன். உளுந்து வடை கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மே 25 – ஞாயிறு

சொல்லிவிட்டேன். இப்போதைக்கு எட்டுதான்மா, வருஷக் கடைசியில் பார்க்கலாம் என்று. “ஓகே ஆன்ட்டி” என்றாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. தாளைத் திருப்பிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். எதற்கு அப்படிக் கேட்டேன்?

ஜூன் 8 – ஞாயிறு

நேற்று ஹஜ்ஜுப் பெருநாள். லாத்தா ஒரு பெரிய சட்டி ரெண்டாங் கறி கொடுத்தனுப்பினார். இந்த ஊரில் இப்படி ஒருத்தர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 31 – ஞாயிறு

ரக்ஷனாவுக்கு அடுத்த வாரத்திலிருந்து ஞாயிறு வர முடியாதாம். வேறு வேலை கிடைத்துவிட்டதாம். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. பபள் டீயாகத்தான் இருக்கும். ஒரு மாதம் முன்னால் சொல்லக் கூடாதா? இத்தனை நாள் என் வீட்டில் ஒரு பிள்ளை மாதிரித்தானே இருந்தாள்?

அர்ஃபானிடம் அவளே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். தூங்கும்வரை அழுதான்.

செப்டம்பர் 3 – புதன்

முதலாளி இன்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். தீபாவளி வரை ஞாயிறு யாருக்கும் லீவு கிடையாது. பட்டுப் பிரிவில் நிற்பவர்களுக்குக் கமிஷன் உண்டு. பட்டுப் பிரிவு என்னுடையது, மூன்று வருஷம் மெனக்கெட்டு வாங்கியது. வராதவர்கள் இடத்துக்கு வேறு ஆள் என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆனாலும் எனக்குத்தான் சொன்னார்.

என் வீட்டுக்காரர் யாசர் பஸ் ஓட்டுகிறவர். ஞாயிறு ஷிஃப்டை மாற்றிக் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. போனில் விசாரித்த மூன்று பேரும் மணிக்குப் பதினெட்டு, இருபது என்கிறார்கள். அப்படிக் கொடுத்தால் நான் கைக்காசு போட்டு வேலைக்குப் போக வேண்டும்.

லாத்தாவிடம் கேட்டேன், ஆள் கிடைக்கும்வரை நாலு ஞாயிறு மட்டும் அர்ஃபானைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று. ஞாயிறெல்லாம் கல்யாண வீடுகளில் மருதாணி வேலை வந்துவிட்டதாம். என்னைக் கட்டிப்பிடித்து, அல்லாஹ் ஒரு வழி காட்டுவான் என்றார். அவர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன்.

செப்டம்பர் 7 – ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும்.

காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு போட்டேன். பதினொரு மணிக்கு அர்ஃபானைக் கீழே விளையாட்டுத் திடலுக்கு அழைத்துப் போனேன். இறங்கியதும் “ரக்ஷு அக்கா!” என்று ஓடினான். ஊஞ்சல் பக்கத்தில் ரக்ஷனா. ஊஞ்சலில் பானு லாத்தாவின் இரண்டு பிள்ளைகள்.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. என்னைவிட அவள்தான் பதறிப்போனாள். நான் கேட்காமலேயே சொன்னாள்.

“பானு ஆன்ட்டி ஜூன்லேர்ந்து பன்னெண்டு குடுக்குறாங்க. இப்ப சண்டேயும் கேட்டாங்க. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க... உங்களால குடுக்க முடியாது, கேட்டா கஷ்டப்படுவீங்கன்னு.”

பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு இதையும் சொன்னாள்: “அவங்க அப்பவே ஏத்தித் தர ரெடியாம். நீங்கதான் எட்டுக்கு மேல வேணாம்னு சொன்னீங்களாம்.”

நானா? நானா சொன்னேன்? பத்துன்னு வாயைத் திறந்தவ நான். கையை நீட்டித் தடுத்தது யாரு? வடையையும் குடுத்து, ரெண்டாங்கையும் குடுத்து அனுப்புனது யாரு? ஜூன்லேர்ந்து! அந்தச் சட்டி என் வீட்டுக்கு வந்தப்பவே அவ பன்னெண்டு குடுத்துட்டு இருந்திருக்கா. புதன்கிழமை நான் அவ தோள்ல அழுதேனே, அப்ப எப்படி நின்னா? என் முதுகைத் தடவிக்கிட்டே நின்னாளே.

செப்டம்பர் 8 – திங்கள்

போய்க் கேட்டேன். கத்தக் கூடாது என்று மூன்று தடவை சொல்லிக்கொண்டுதான் படி இறங்கினேன். பானு கதவைத் திறந்ததும் தெரிந்துகொண்டார். உள்ளே வரச் சொன்னார். நான் வாசலிலேயே நின்றேன்.

மறுக்கவில்லை. அந்தப் பெண் போய்விடுவாளோ என்று பயமாக இருந்ததாம், பிறகு ஞாயிறு வேலை வந்ததும் வேறு வழி தெரியவில்லையாம். என்னிடம் சொன்னால் நான் கஷ்டப்பட்டுப் பன்னிரண்டு கொடுக்கப் பார்ப்பேன், அதனால்தான் சொல்லவில்லையாம். என் மேல் அவ்வளவு அக்கறை! என் பெயரை எதற்கு இழுத்தீர்கள் என்று கேட்டேன். அதற்குத்தான் குரல் மாறியது.

“குடுக்கணும்னு நெனச்சிருந்தா நீ குடுத்திருக்கலாம்ல ருக்ஸு? நானா உன் கையப் பிடிச்சேன்? நான் வேணாம்னதும் நீ சரின்னுட்டே. ஒரு தடவ கூட எதுத்துப் பேசல.”

எங்கள் வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 9 – செவ்வாய்

பச்சைத் துரோகம். வேறு பெயர் கிடையாது.

செப்டம்பர் 12 – வெள்ளி

நாலு நாளாக அந்த ஒரு பேச்சு மட்டும் காதை விட்டுப் போகவில்லை. எதிர்த்துப் பேசவில்லை என்றது. உண்மைதான். அன்றைக்கு லாத்தா எட்டு என்று முடித்ததும் எனக்கு மனசுக்குள் நிம்மதியாக இருந்தது. வாரம் பதினாறு வெள்ளி மிச்சம், பழி அவருடையது என்று. அதை இந்த நோட்டில்கூட நான் அப்போது எழுதவில்லை. வடை சாப்பிட்டேன் என்று எழுதியிருக்கிறேன்.

அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. என்னைக் கட்டிப்போட்டுவிட்டு, தான் போய் விலை பேசியிருக்கிறார். அது வேறு, இது வேறு. இரண்டும் என் தலையில்தான் விடிந்திருக்கிறது.

செப்டம்பர் 21 – ஞாயிறு

மூன்றாவது ஞாயிறும் போகவில்லை. பட்டுப் பிரிவு வைஷாலிக்குப் போய்விட்டது. நான் பழக்கிவிட்ட பெண். போனில் அழுதாள், வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா அக்கா என்றாள். எடுத்துக்கோ என்றேன். அவளாவது முகத்துக்கு நேரே கேட்டாள்.

அக்டோபர் 20 – திங்கள், தீபாவளி

மேலே எங்கோ பிள்ளைகள் சிரிக்கிற சத்தம். ரக்ஷனா வீட்டிலிருந்து எப்போதும் வரும் முறுக்கு டப்பா இந்த வருஷம் வரவில்லை.

நவம்பர் 17 – திங்கள்

பானு வீட்டுக்கு இந்தோனேசியாவிலிருந்து பணிப்பெண் வந்துவிட்டாராம். ரக்ஷனாவை இனி வர வேண்டாம் என்று வாட்ஸப்பில் இரண்டு வரி அனுப்பியிருக்கிறார். நேரில்கூடச் சொல்லவில்லை. அவர்கள் கூட்டு உடைந்தது என்று கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பானுவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அடி ரக்ஷனாவுக்குத்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

நவம்பர் 19 – புதன்

ஒன்பதாம் மாடிக்குப் போனேன். ஞாயிறு வருவாயா என்று கேட்டேன். கடையில் இப்போது எனக்குப் பில் போடும் வேலைதான். கமிஷன் இல்லை, ஆனால் ஞாயிறு போனால் அதே நூற்றுப் பத்து. பன்னிரண்டு தருகிறேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

“அன்னைக்கு உனக்குப் பத்து குடுக்கணும்னுதான்மா நெனச்சேன்.”

கோபமே இல்லாமல் என்னைப் பார்த்தாள். “அது எனக்குத் தெரியாது ஆன்ட்டி. நீங்க சொன்னது எட்டு.”

வருகிறாள். பதினொன்று முதல் ஏழு. ஏழுக்கு மேல் ஆனால் அரை மணிக்கு ஆறு வெள்ளி. எழுதி அனுப்பச் சொன்னாள், அனுப்பினேன்.

நவம்பர் 30 – ஞாயிறு

லிஃப்டில் பானு. நாங்கள் இரண்டு பேர் மட்டும். பணிப்பெண் சமையல் சரியில்லை என்று தானாகவே பேச்சுக் கொடுத்தார். பிறகு மெல்ல, ரக்ஷனாவுக்கு இப்போது எவ்வளவு கொடுக்கிறாய் என்று கேட்டார்.

“அவ கேட்டதைக் குடுக்குறேன், பானு” என்றேன். லாத்தா என்று வரவில்லை. ஐந்தாம் மாடியில் இறங்கிப் போனார்.

டிசம்பர் 14 – ஞாயிறு

ரயில் நின்று நின்று வந்தது. ஸ்டேஷனிலிருந்து ஓடி, ஏழு அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது வீட்டுக்கு வந்தேன். ரக்ஷனா பையை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். போனில் வைத்திருந்த அலாரம் அடித்தது, அணைத்தாள். அர்ஃபான் நன்றாகச் சாப்பிட்டான், ‘ழ’ எழுதுகிறான், மூக்கு ஒழுகுகிறது, இருமல் இல்லை. ஒன்றையும் விடாமல் சொன்னாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. இன்னும் ஒரு கதை சொல்லிவிட்டுப் போ என்று அவன் கையைப் பிடித்து இழுத்தான். அடுத்த வாரம் என்று விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டுப் போனாள்.

அவள் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். மணிக்குப் பதினான்கு என்று கணக்குப் போட்டு நூற்றுப் பன்னிரண்டு அனுப்பினேன். இன்றைக்கு நான் சம்பாதித்ததைவிட இரண்டு வெள்ளி அதிகம். இனிமேல் இதுதான் ரேட்மா என்று கீழே எழுதினேன்.

கால் மணி நேரத்தில் பதினாறு வெள்ளி என் கணக்குக்குத் திரும்பி வந்தது.

“Rate பன்னெண்டுதான் ஆன்ட்டி. Thank you.”